எச்சரிக்கை விளக்கும் இளைத்த எஞ்சினும்

விளக்கு எரிந்தால் இருள் அகலும் என்பது உலக வழக்கு. ஆனால் காரின் முகப்புப் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தாலோ ஓட்டுபவரின் மனத்தை இருள் சூழ்ந்து கொள்கிறது. அவ்விளக்குகளுள் ஒன்று சற்று விந்தையானது. சின்னஞ்சிறு கார் ஒன்று. அதன் பின்னே பாம்பு நெளிவதுபோல் இரு கோடுகள். இதுதான் அதன் உருவம். அது எரிந்த அதே கணத்தில் எஞ்சினின் வலிமை குன்றிவிடுவதும் உண்டு. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி முக்கி முனகி ஊர்ந்து செல்லுமேயன்றி விரையாது. நாம் ஒரு பஸ்ஸைத் தாண்டிக் கொண்டிருக்கிறோம். எதிரே லாரி வருகிறது. அந்நேரத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும்? எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறதன்றோ!

வடநாட்டில் படிக்கும் நம்மில் பலர் குளிர்கால விடுமுறையில் நண்பர்களுடன் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மலைப்பாதைகளுக்குச் செல்கிறோம். கோடையில் ஊருக்குப் போனால் வீட்டுக் காரின் சாவி நம் கைக்கு வந்துவிடுகிறது. அந்த மஞ்சள் விளக்கு எதற்காக இருக்கிறது, ஏன் எரிகிறது, அதற்கும் எஞ்சினின் சோர்வுக்கும் என்ன உறவு என்பவற்றை அறிந்து வைத்தல் உயிருக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

பிடிப்பு என்னும் செல்வம்

காரை ஓட்டுவது எஞ்சின் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். காரை முன்னே தள்ளுவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கை அகலமே இருக்கும். அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே வண்டி புறப்படுகிறது, திரும்புகிறது, நிற்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 கிலோ எடையுள்ள கார் ஒன்று. அதை இழுப்பவை முன்சக்கரங்கள். அவற்றின் மேல் 600 கிலோ எடை அமர்ந்திருக்கிறது என்று கொள்வோம். அது சுமார் 5900 நியூட்டன் விசைக்குச் சமம். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.8. ஆகவே டயர் வழுக்காமல் தரக்கூடிய இழுவிசை சுமார் 4700 நியூட்டன். பனிக்கட்டி உறைந்த சாலையிலோ கெழு 0.1 அளவுக்கு இறங்கிவிடும்; இழுவிசை வெறும் 590 நியூட்டன்! ஆனால் எஞ்சினின் வலிமை சாலையைப் பார்த்துக் குறைவதில்லை. 110 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசையுள்ள சிறு எஞ்சினும், முதல் கியரில் பதினான்கு மடங்காகப் பெருக்கப்பட்டு, 0.31 மீட்டர் ஆரமுள்ள சக்கரத்தின் வழியே, இழப்புகள் போகச் சுமார் 4500 நியூட்டன் விசையைத் தரவல்லது. பனிச்சாலை தாங்கக்கூடியதைப் போல் ஏழெட்டு மடங்கு இது. மிச்ச விசை எங்கே போகும்? சக்கரம் நின்ற இடத்திலேயே வெறிகொண்டு சுழலும், கார் நகராது.

மணாலிக்கு அப்பால், 2020-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அடல் சுரங்கப் பாதையைக் கடந்து, குளிர்காலத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கில் காலடி வைத்தவர்கள் இக்காட்சியைக் கண்ணாரக் கண்டிருப்பார்கள். உறைபனியின்மேல் காரின் ஒரு சக்கரம் சுழன்று கொண்டே இருக்கும். மற்றொன்று அசையாது நிற்கும். டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதியின் இயல்பு அது. இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் அது பங்கிடும். ஒரு சக்கரம் பிடிப்பிழந்து சிறு விசையோடு சுழன்றால், நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்தச் சிறு விசையே கிடைக்கும்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே டிராக்ஷன் கண்ட்ரோல். இழுவைக் கட்டுப்பாடு என்று நாம் அழைக்கலாம். அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. சுழலும் சக்கரத்தைப் பிரேக்கினால் பிடித்து, மறு சக்கரத்துக்கு விசை கிடைக்கச் செய்கிறது. அத்துடன், ‘உன் வேகத்தைக் குறை’ என்று எஞ்சினுக்கு ஆணையிட்டு, அதன் வலிமையையே சில கணங்களுக்கு அடக்கி வைக்கிறது. இந்த இரண்டாவது வேலையை நெஞ்சில் நிறுத்திக் கொள்ளுங்கள். விளக்குக்கும் எஞ்சின் சோர்வுக்கும் உள்ள உறவின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நான்கு ஒற்றர்கள்

சக்கரம் வழுக்குகிறதென்று கருவிக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஓர் உணரி, அதாவது சென்சார், அமர்ந்திருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து பற்கள் கொண்ட வளையமோ காந்தம் பதித்த வளையமோ சுழல்கிறது. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் உணரி ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது. 185/65 ஆர்15 அளவுள்ள டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அச்சக்கரம் வினாடிக்கு எட்டரை முறை சுழலும். வளையத்தில் 48 பற்கள் இருந்தால் வினாடிக்கு 410 துடிப்புகள் போய்ச் சேரும். நான்கு ஒற்றர்களும் இவ்வாறு ஓயாமல் செய்தி அனுப்ப, நடுவில் அமர்ந்திருக்கும் கணினி நான்கு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒருவர் கணக்கு மட்டும் மிகுந்தால் அந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று முடிவு செய்கிறது.

இந்த ஒற்றர்களை முதலில் பணியில் அமர்த்தியது பிரேக்குக்காகவே. அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். முறையைப் பாஷ் நிறுவனம் 1978-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. மெர்சிடிஸ்-பென்ஸ் எஸ் வகைக் காரில் அது இடம் பெற்றது. அதே உணரிகளைக் கொண்டு இழுவைக் கட்டுப்பாடு 1986-இல் வந்தது. கார் திரும்பும் திசையையும் கண்காணித்து நிலைகுலையாமல் காக்கும் ஈ.எஸ்.பி. முறை 1995-இல் வந்தது. 1997-இல் சுவீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று மெர்சிடிஸ் நிறுவனத்தின் சிறிய ஏ வகைக் காரைச் சட்டென்று வளைத்து ஓட்டிச் சோதித்தபோது கார் கவிழ்ந்தது. அதன்பின் அக்காரில் ஈ.எஸ்.பி. எல்லார்க்கும் பொதுவாகப் பொருத்தப்பட்டது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆயிற்று. இன்று சாலையில் ஓடும் புதிய கார்களில் அந்த ஒற்றர்கள் இருப்பது இதனால்தான்.

விளக்கின் மொழி

இவ்விளக்கு இரண்டு விதமாகப் பேசும். ஒன்று, மினுக் மினுக்கென்று கண் சிமிட்டுவது. மற்றொன்று, இமைக்காமல் எரிவது.

கண் சிமிட்டினால், ‘சக்கரம் வழுக்குகிறது, நான் வேலை செய்து கொண்டிருக்கிறேன்’ என்று பொருள். மழையில் நனைந்த சாலையிலும், மணலிலும், பனியிலும் இவ்வாறு சிமிட்டுவது நோயன்று, நலத்தின் அடையாளம். அப்போது எஞ்சின் வலிமை குன்றுவதும் இயல்பே. மிதியை மேலும் அழுத்துவதால் பயனில்லை. காலைச் சற்றே தளர்த்துவதுதான் அறிவுடைமை.

இமைக்காமல் எரிந்தால், ‘நான் இப்போது பணியில் இல்லை’ என்று பொருள். ஒருவேளை நாமே பொத்தானை அழுத்தி அதை நிறுத்தியிருக்கலாம். சேற்றிலோ மணலிலோ சிக்கிய வண்டியை முன்னும் பின்னும் அசைத்து மீட்க வேண்டியபோது அவ்வாறு நிறுத்துவது உண்டு. பொத்தானை நாம் தொடவில்லையென்றால் எங்கேயோ கோளாறு இருக்கிறது. அந்நிலையிலும் சாதாரணப் பிரேக் வேலை செய்யும், கார் ஓடும். ஆனால் வழுக்கும்போது கைகொடுக்க ஆளில்லை என்பதை உணர்ந்து மெதுவாகச் செல்ல வேண்டும்.

இரண்டும் சேர்ந்து வருவது ஏன்?

இனி நம் தலைப்புக்கு வருவோம். விளக்கும் எரிகிறது; எஞ்சினும் சோர்கிறது. எது காரணம், எது காரியம்? இக்கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு.

முதலாவது, நோய் எஞ்சினில் இருப்பது. வியப்பாக இருக்கிறதா? இழுவைக் கட்டுப்பாடு எஞ்சினின் ஒத்துழைப்பை நம்பி வாழ்வது என்று மேலே கண்டோம். எஞ்சின் கணினிக்குத் தன் வலிமையின் அளவே சரிவரத் தெரியாமல் போனால், ‘குறை’ என்ற ஆணைக்கு எப்படிப் பணியும்? ஆகவே எஞ்சினில் கோளாறு கண்டவுடன் இழுவைக் கட்டுப்பாடும் விலகிக் கொள்கிறது. அதன் விளக்கு எரிகிறது. எஞ்சின் கணினியோ தன்னைக் காத்துக்கொள்ள வலிமையை அடக்கிக் கொண்டு, நொண்டியாவது வீடு சேரட்டும் என்னும் நிலைக்குப் போகிறது. மெக்கானிக்குகள் இதை ‘லிம்ப் மோட்’ என்பார்கள். இன்றைய கார்களில் மிதிக்கும் எஞ்சினின் காற்று வாயிலுக்கும் இடையே பழைய கம்பி இல்லை. மின்சாரமே தூது செல்கிறது. மிதியில் இரண்டு உணரிகள், காற்று வாயிலில் இரண்டு உணரிகள். ஒன்றுக்கொன்று சாட்சியாக வைக்கப்பட்ட அவற்றின் கணக்கு ஒத்துவராவிட்டால் கணினி யாரையும் நம்பாது, வலிமையை அடக்கிவிடும். தீப்பொறி தவறுதல், டர்போ குழாயில் காற்றுக் கசிவு, டீசல் காரில் புகைக்கரி வடிகட்டி அடைபடுதல் ஆகியவையும் இவ்வகையில் சேரும்.

இரண்டாவது, ஒற்றன் பொய் சொல்வது. சக்கர உணரியின் இணைப்பில் நீர் புகுந்தாலோ, வளையத்தின் அடியில் துரு ஏறி அதை உப்பச் செய்தாலோ, எலி கம்பியைக் கடித்தாலோ, செய்தி பிறழும். வழுக்காத சக்கரம் வழுக்குவதாகக் கணினி எண்ணி எஞ்சினை அடக்கும். டயர்க் கடையில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் 185/60 அளவுள்ள டயரை மாட்டிவிட்டால், அது மற்றவற்றைக் காட்டிலும் 3 விழுக்காடு வேகமாகச் சுழலும். ஒற்றன் உண்மையைத்தான் சொல்கிறான். கணினிதான் தவறாகப் பொருள் கொள்ளக்கூடும்.

மூன்றாவது, இருவருக்கும் பொதுவான துன்பம். பாட்டரி தளர்ந்தாலும், அதன் முனையில் பூஞ்சணம் பூத்தாலும், எர்த் கம்பி தளர்ந்தாலும், கணினிகள் ஒன்றோடொன்று பேசும் கம்பித் தொடர் பழுதானாலும், ஒரே நேரத்தில் பல விளக்குகள் தீபாவளி கொண்டாடும். பிரேக் மிதியின் அடியிலுள்ள சிறு சுவிட்சும் இவ்வகைக் குறும்புகள் செய்யும். பிரேக்கை மிதிக்காதபோதே மிதித்ததாக அது சொன்னால், எஞ்சின் தன் வலிமையைக் குறைத்துக் கொள்ளக்கூடும்.

ஆராயும் முறை

காரணத்தைத் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும்.

முதலில், கண் சிமிட்டலா, நிலையான ஒளியா என்று பாருங்கள். உலர்ந்த, நேரான சாலையில் விளக்கு கண் சிமிட்டி, அதே கணத்தில் எஞ்சின் சோர்ந்தால், இல்லாத வழுக்கலைக் கணினி காண்கிறது; ஆகவே சக்கர உணரியையும் டயரையும் ஐயுறுங்கள். விளக்கு நிலையாக எரிந்து, கூடவே எஞ்சின் உருவம் கொண்ட விளக்கும் எரிந்தால், எஞ்சின் பக்கமே நோய் இருத்தல் கூடும். இழுவை விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் மட்டும் எரிந்தால் சக்கரப் பக்கம். எல்லாம் சேர்ந்து எரிந்தால் பாட்டரியும் கம்பிகளும்.

இரண்டாவதாக, காசு செலவில்லாத சோதனைகளை முடித்துவிடுங்கள். நான்கு டயர்களின் அளவும் ஒன்றா? காற்று சரியாக உள்ளதா? பாட்டரி முனைகள் இறுக்கமாக உள்ளனவா? ஓய்வில் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்கும். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரிந்து, காலை எடுத்ததும் அணைகிறதா?

மூன்றாவதாக, கணினியின் நாட்குறிப்பைப் படியுங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே, பலகையின் அடியில் 16 ஊசித் துளைகள் கொண்ட இணைப்பு ஒன்று உண்டு. அதில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறுக் குறியீடுகள் தெரியும். பவர்ட்ரெயினுக்குரிய ‘பி’ என்னும் எழுத்தில் தொடங்குபவை எஞ்சினையும் கியரையும் பற்றியவை. சேசிஸுக்குரிய ‘சி’ எழுத்துக் குறியீடுகள் பிரேக்கு, சக்கரம் பற்றியவை. ‘யூ’ எழுத்தில் தொடங்குபவை கணினிகளின் உரையாடல் முறிந்ததைச் சொல்பவை. மலிவான கருவிகள் பல எஞ்சின் கணினியை மட்டுமே படிக்கும், ஏ.பி.எஸ். கணினியையும் படிக்கவல்ல கருவியே இங்கு வேண்டும். எவற்றையும் அழிக்குமுன் எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

நான்காவதாக, ஓடும் வண்டியில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். ஒருவர் வண்டியை ஓட்ட, மற்றொருவர் பார்க்கட்டும். நேர்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று சக்கரங்கள் 30 என்று காட்ட, ஒன்று மட்டும் 22 என்றும் 0 என்றும் தடுமாறினால் குற்றவாளி அகப்பட்டான்.

அகப்பட்டான் என்றேன், அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ‘முன் இடச்சக்கர உணரிச் சுற்று’ என்று குறியீடு சொன்னால், உணரி கெட்டுவிட்டது என்று பொருளல்ல. உணரி, கம்பி, இணைப்பு, வளையம், கணினி என்னும் ஐவருள் ஒருவர் என்பதே பொருள். மேலும், பழைய வகை உணரி வெறும் கம்பிச் சுருள். அதன் மின்தடையை மீட்டர் கொண்டு அளக்கலாம். புதிய வகை உணரிக்குள் மின்னணுச் சுற்று உண்டு. அது 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என மின்னோட்டத்தை மாற்றிப் பேசும். அதைத் தடை மீட்டரால் அளப்பது பயனற்றது, பழுதாக்கவும் கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு

மலையேறும் பெட்ரோல் கார் ஒன்றில் இழுவை விளக்கும் எஞ்சின் விளக்கும் எரிகின்றன, வண்டி நடுங்குகிறது, வலிமை இல்லை. ஏ.பி.எஸ். கணினியைப் படித்தால் ‘எஞ்சினிலிருந்து வரும் செய்தி செல்லாது’ என்கிறது. எஞ்சின் கணினியைப் படித்தால் ‘பி-0302’ என்கிறது. இரண்டாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். ஏ.பி.எஸ். கணினியின் சொல்லை மட்டும் கேட்டுப் பிரேக்குப் பக்கம் ஆராய்ந்தால் பொழுதும் பணமும் போகும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

எரிதல் தவறுவதற்குத் தீப்பொறிச் சுருள், பிளக், எரிபொருள் தெளிப்பான், சிலிண்டரின் அழுத்தக் குறைவு என்று பல காரணங்கள் உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிச்சுருள் உள்ள எஞ்சினாயின் ஓர் எளிய சோதனை இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியபின், இரண்டாவது சிலிண்டரின் சுருளை மூன்றாவதிலும், மூன்றாவதன் சுருளை இரண்டாவதிலும் மாற்றிப் பொருத்துங்கள். குறியீட்டை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். இப்போது ‘பி-0303’ வந்தால், நோய் சுருளோடு இடம் பெயர்ந்தது, சுருளே குற்றவாளி. மீண்டும் ‘பி-0302’ தானே வந்தால் சுருள் நிரபராதி. அடுத்துப் பிளக்கை மாற்றிப் பாருங்கள். புதுப் பொருள் ஒன்றும் வாங்காமலே விடை கிடைத்துவிடுகிறது. ஒரே ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து விளைவைக் காண்பது. நம் ஆய்வுக்கூடங்களில் கற்கும் முறையும் இதுதானே?

சுருளை மாற்றி எஞ்சின் நலம் பெற்றதும், சிறிது தூரம் ஓடிய பின்னரோ குறியீட்டை அழித்த பின்னரோ இழுவை விளக்கும் தானே அணைந்துவிடும். அதற்கென்று தனிச் சிகிச்சை தேவையில்லை.

நினைவிற் கொள்ள வேண்டியவை

செல்லும் வழியில் வலிமை குன்றினால் பதறாதீர்கள். நான்கு திசை விளக்குகளையும் போட்டு, இடப்புறம் ஒதுங்கி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்துச் சிறிது நேரம் கழித்து மீண்டும் கிளப்பினால் சில வேளை வலிமை திரும்பும். திரும்பியதென்று மகிழ்ந்து முந்திச் செல்லும் வீரத்தில் இறங்க வேண்டாம். காரணம் தெரியும்வரை அது எந்த நொடியிலும் மீண்டும் வரும்.

எஞ்சின் விளக்கு கண் சிமிட்டினால் உடனே வேகத்தைக் குறைத்து, விரைவில் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று எரிந்து, அங்குள்ள விலையுயர்ந்த வினையூக்கி மாற்றியைப் பாழாக்கும். ஏ.பி.எஸ். விளக்கோடு சிவப்புப் பிரேக் விளக்கும் எரிந்தால் பயணத்தைத் தொடரவே கூடாது. பிரேக்கிலேயே குறை இருக்கலாம்.

ஒர்க்‌ஷாப்பில் ‘சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன குறியீடு வந்தது? எந்தக் கணினியில் வந்தது? கம்பியும் இணைப்பும் சோதிக்கப்பட்டனவா? நேர்மையான மெக்கானிக் இக்கேள்விகளால் வருந்தமாட்டார்; கேட்கத் தெரிந்த ஒருவர் வந்தாரே என்று மகிழ்ந்து விளக்குவார். விடை சொல்ல மறுப்பவரிடம் வண்டியை விட்டுவிட்டு வருவதற்குமுன் இருமுறை சிந்தியுங்கள்.

குறியீட்டை அழித்து விளக்கை அணைத்துவிட்டால் பழுது நீங்கியதாகாது. காய்ச்சல்மானியை உடைத்துவிட்டால் காய்ச்சல் தணிந்துவிடுமா? அந்த மஞ்சள் விளக்கு நம்மை அச்சுறுத்த வந்த பகைவன் அல்ல. உள்ளே நடப்பதை உரைக்க வந்த தூதுவன். தூதுவனைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அவன் வாயை அடைக்கவும் வேண்டாம். அவன் யாரிடமிருந்து வந்தான் என்று கேளுங்கள். நோயின் வீடு தெரிந்துவிடும்.